தோலுக்குள் மாட்டிய பட்டாசு!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ரூட்டில் காலை பஸ் பிடித்திருக்கிறீர்களா? பட்டாசு ஆபீஸுக்குப் போகிற கூட்டம் நெருக்கியடித்து நிற்கும். ஃபேக்டரிக்கு எங்க பக்கம் 'ஆபீஸ்'னுதான் பேர், கோட் சூட் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கன்னத்திலோ, நெற்றியிலோ, முழங்கைக்குக் கீழேயோ மிளகுத்தூளைத் தூவிவிட்ட மாதிரி பொடிப் பொடிப் புள்ளிகள் கண்ணில் படலாம். முழுக் கறுப்பு இல்லை, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு கலர். மச்சம் இல்லை, பருவும் இல்லை. கடலைமாவு, எலுமிச்சம்பழம், முல்தானி மட்டி எதற்கும் அசையாது. என்றைக்கோ வெடித்த வெடி தோலுக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிறது, அவ்வளவுதான் மேட்டர்!

டாக்டர்கள் இதற்கு 'ட்ரமாட்டிக் டாட்டூ' என்று பேர் வைத்திருக்கிறார்கள். காசு கொடுக்காமல், ஆசைப்படாமல், ஒரே செகண்டில் குத்தப்பட்ட பச்சை. மருந்துத் துகளும் கரியும் மண்ணும் வெடித்த வேகத்தில் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு அடித்தோலுக்குப் போய்விடும். மேலே புண் ஆறி மூடிக்கொள்ளும். உள்ளே போனது போனதுதான்.

பட்டாசு விபத்துன்னா பேப்பரில் முதல் வரியில் இறந்தவர்கள் எண்ணிக்கை வரும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 38 பேர் இறந்ததை எங்க பக்கம் இன்னும் யாரும் மறக்கவில்லை. அடுத்த வரியில் 'காயமடைந்தவர்கள் மருத்துவமனையில் அனுமதி' என்று இருக்கும். அதோடு நியூஸ் முடிந்துவிடும். அந்தக் காயமடைந்தவருக்கு 19 வயசு, அடுத்த வருஷம் கல்யாணம் பேசப் போகிறார்கள், இல்லை ஒரு இன்டர்வியூவுக்குப் போகப்போகிறார்... முகத்தில் அந்தப் புள்ளிகளோடு. அந்தக் கதையை எந்தப் பேப்பரும் போடுவதில்லை.

இந்தப் பக்கம் பார்த்தால், மதுரையிலிருந்து விருதுநகர் வரைக்கும் 'லேசர் மூலம் கரும்புள்ளி நீக்கப்படும்' என்று போர்டு. அப்போ அந்த லேசரை இந்தப் புள்ளியில் அடித்தால் போய்விடுமா? பெரும்பாலும் போகும். ஆனால் அதற்கு முன்னால் டாக்டருக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. சில சமயம் அந்தப் புள்ளி... வெடிக்கும்!

புஸ்வாணமும் அணுகுண்டும்

முதலில் லேசர் என்ன செய்கிறது என்று பார்த்துடலாம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அக்னி நட்சத்திர வெயிலில் நின்றால் சூடு ஏறும். வெள்ளைச் சட்டைக்கு அவ்வளவு ஏறாது. தோலிலும் இதே கதைதான். மெலனின் என்கிற நம்முடைய சொந்த நிறப்பொருளும், பச்சை குத்திய மையும், வெடிமருந்துக் கரியும் ஒளியை அதிகமாகக் குடிக்கும். சுற்றியிருக்கிற சாதாரணத் தசை குறைவாகக் குடிக்கும். அதனால் சரியான அலைநீளத்தில் ஒளியைப் பாய்ச்சினால் புள்ளி மட்டும் சூடாகும்.

1960-ல் தியோடர் மெய்மன் முதல் லேசரைச் செய்தார். அது ரூபி கல்லில் வந்த சிவப்பு ஒளி, 694 நானோமீட்டர். அடுத்த சில வருஷத்திலேயே லியோன் கோல்ட்மேன் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் அதைப் பச்சை மேல் அடித்துப் பார்த்துவிட்டார். ஆனால் சுற்றியிருக்கிற தோல் கருகாமல் புள்ளியை மட்டும் சுடுவதற்கான கணக்கு 1983-ல்தான் வந்தது. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 'செலக்டிவ் ஃபோட்டோதெர்மோலிசிஸ்' என்று பேர். வைவாவில் கேட்டால் நாக்கு சுளுக்கிக்கும். ஐடியா என்னவோ நம்ம அடுப்பங்கரை ஐடியாதான்.

எண்ணெயிலிருந்து எடுத்த கடுகு நொடியில் ஆறிவிடும். உருளைக்கிழங்கு போண்டா ஆற பத்து நிமிஷம் ஆகும், அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும். பொருள் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் சூட்டை வெளியே விட்டுவிடும். மெலனின் மூட்டைகளின் சைஸ் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டியது. அது ஆறுகிற நேரம் ஏறக்குறைய ஒரு மைக்ரோ செகண்ட். அதற்குள் அடித்து முடித்துவிட்டால் சூடு பக்கத்து வீட்டுக்குப் பரவாது. மெதுவாக அடித்தால் தெருவே பற்றிக்கொள்ளும்.

அவ்வளவு சீக்கிரம் எப்படி அடிப்பது? இதற்கு சிவகாசிக்காரனுக்கு வகுப்பே எடுக்க வேண்டாம். வெடிமருந்தைத் திறந்த வாயில் வைத்தால் புஸ்வாணம். சீறிக்கொண்டு, பூத்துக்கொண்டு, நிதானமாக எரியும். சணலை இறுக்கிச் சுற்றி அடைத்துவிட்டால் அணுகுண்டு. சக்தி வெளிவரும் நேரம்தான் இரண்டுக்கும் வித்தியாசம். லேசர் கருவிக்குள் ஒளியை வெளியே விடாமல் தேக்கி வைத்து, ஒரே அடியாகத் திறந்துவிடுகிற டெக்னிக்குக்கு 'க்யூ ஸ்விட்ச்' என்று பேர். துடிப்பு நேரம் சில நானோ செகண்ட்கள்தான்.

இன்ஜினீயரிங் படிக்கிற கைக்குக் கால்குலேட்டர் இல்லாமல் இருக்க முடியாதே... அரை ஜூல் சக்தியை 5 நானோ செகண்டில் விட்டால் பவர் எவ்வளவு? 100 மெகாவாட்! பக்கத்து மாவட்டத்தில் கமுதியில் ஏக்கர் கணக்கில் விரித்து வைத்திருக்கிற சோலார் பேனல் மொத்தமும் சேர்ந்தே 648 மெகாவாட்தான். பயப்படாதீங்க. அரை ஜூல் என்பது ஒரு எலுமிச்சம்பழத்தை ஒரு மீட்டர் தூக்கி வைக்கிற வேலைதான். நேரம் குறைந்ததால் வந்த பவுசு.

இந்த அடியில் துகள் கருகிப் போவதை விட, நொறுங்கிப் போகிறது என்பதுதான் சரி. நொறுங்கிய தூளை ரத்த வெள்ளை அணுக்களின் உறவுக்காரர்களான மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்குகின்றன. கொஞ்சம் நிணநீர் வழியாக வெளியேறும். மிச்சம் அங்கேயே கிடக்கும். 2018-ல் பிரான்ஸில் எலிகளை வைத்து ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். மையைத் தின்ற செல் செத்தால், அது கக்கிய மையை அடுத்த செல் வந்து தின்றுவிடுகிறதாம். தாத்தா சொத்து பேரனுக்கு! பச்சை ஏன் ஆயுசுக்கும் அழிவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். லேசருக்கு ஒரே சிட்டிங் பத்தாது என்பதற்கும், நடுவில் ஆறு எட்டு வாரம் இடைவெளி விடுவதற்கும் காரணம் இந்தக் குப்பை அள்ளும் வேலைதான்.

தீப்பொறி பறந்த சிட்டிங்

இப்போ மெயின் மேட்டருக்கு வருவோம்.

1998-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர், பட்டாசு வெடித்துத் தோலில் துகள் ஏறிய ஒருவருக்கு லேசர் அடித்தார். சாதாரணமாக லேசர் பட்ட இடம் லேசாக வெளுக்கும். இங்கே தீப்பொறி பறந்தது. உள்ளே எரியாமல் தப்பித்திருந்த மருந்துத் துகள் லேசர் சூட்டில் பற்றிக்கொண்டது. புள்ளி இருந்த இடத்தில் குழி. 2000-ல் பிரான்ஸிலிருந்தும் இதே மாதிரி ஒரு ரிப்போர்ட் மருத்துவ இதழில் வந்தது. அது துப்பாக்கி மருந்து. அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுகிற ஆபத்து இருக்கிறது என்று அதற்கப்புறம் தோல் மருத்துவப் புத்தகங்களே எச்சரிக்கின்றன.

ஏன் பற்றுகிறது? கறுப்பு மருந்தின் பழைய ஃபார்முலா, வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. விறகு எரிய வெளிக்காற்று வேண்டும். இதற்கு வேண்டாம். எரிய வைக்கிற ஆக்சிஜன் வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால் காற்றே இல்லாத தோலுக்குள் இருந்தாலும் சூடு பட்டால் போதும்.

எல்லாப் புள்ளியும் இப்படி வெடிக்காது. வெடித்து முடிந்த கரியாகவோ, வெறும் மண்ணாகவோ, தார் துகளாகவோ இருந்தால் க்யூ ஸ்விட்ச் லேசர் நன்றாகவே வேலை செய்யும். சில சிட்டிங்கிலேயே பளிச்சென்று மாற்றம் தெரியும். ஆனால் வெளியே பார்த்து எது எரிந்தது, எது எரியாதது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் முதலில் வெளியே தெரியாத ஒரு இடத்தில், குறைந்த சக்தியில் ஒன்றிரண்டு ஷாட் மட்டும் அடித்துப் பார்க்கிறார்கள். பொறி வந்தால் ப்ளானை மாற்ற வேண்டும். பெரிய துகளாக இருந்தால் பேனா முனை சைஸில் இருக்கிற வட்டக் கத்தியால் தோண்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்ப்பார்கள்.

ப்ரெண்ட்ஸ், இதனால் சொல்வது... க்ளினிக்கில் போய் 'கரும்புள்ளி இருக்கு'ன்னு மொட்டையாகச் சொல்லாதீங்க. 'பட்டாசு வெடிச்சது, இத்தனை வருஷம் ஆச்சு'ன்னு முழுக் கதையையும் சொல்லுங்க. ஆலையில் நடந்ததா, தீபாவளியில் நடந்ததா, என்ன ரகம் என்பது வரைக்கும். மணிமருந்து ரூமில் நடந்ததற்கும், கம்பி மத்தாப்பு சுட்டதற்கும் வித்தியாசம் இருக்கு. முதலாளி பேர் வெளியே வருமோ, வேலை போயிருமோ என்று காயம் பட்ட காரணத்தையே மறைக்கிற பழக்கம் உண்டு. போலீஸ்கிட்ட மறைச்சா அது வேற பஞ்சாயத்து. லேசர் டாக்டர்கிட்ட மறைச்சா குழி விழுவது நம்ம கன்னத்தில்.

முதல் மூணு நாள்

லேசருக்கே போகாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கு. அது ரொம்ப சீப்பும் கூட. துகள் தோலில் ஏறிய முதல் 24 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், மரத்துப்போக ஊசி போட்டு, மருத்துவ ப்ரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டால் பெரும்பாலான துகள் வெளியே வந்துவிடும். புண் மூடிவிட்டால் கதவு சாத்திய மாதிரி. அப்புறம் ஆயிரக்கணக்கில் செலவழித்து அதே கதவை லேசரால் தட்ட வேண்டும்.

ஆனால் நம்ம ஊரில் அந்த முதல் மூணு நாள் எப்படிப் போகிறது தெரியுமா? பேனா மை, டூத் பேஸ்ட், மஞ்சள், மாவு. இது எதுவுமே துகளை எடுக்காது. காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்ப்பதையும் மறைத்துவிடும். தீக்காயத்துக்கு முதல் வைத்தியம் குழாய்த் தண்ணீர். ஐஸ் இல்லை, சாதாரணத் தண்ணீர், 20 நிமிஷம். அப்புறம் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரி. சிவகாசி அரசு மருத்துவமனையிலேயே தீக்காயப் பிரிவு இருக்கு, பெரிய கேஸ் என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனை. உயிர் போகிற அவசரத்தில் முகத்துப் புள்ளியை யாரும் கவனிக்கப் போவதில்லை என்பது நியாயம்தான். ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லாத சின்னக் காயத்தில், கூடப் போகிறவர் 'உள்ளே மருந்து ஏறியிருக்கு, தேய்ச்சுக் கழுவ முடியுமா'ன்னு ஒரு வார்த்தை கேட்கலாம்.

இன்னொண்ணு. பட்டாசு ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் அலுமினியத் தூள் படிந்து வெள்ளிச் சிலை மாதிரி இருக்கிற ஃபோட்டோக்களைப் பார்த்திருப்பீங்க. அது மேலே ஒட்டியது, குளித்தால் போய்விடும். அதையும் இதையும் குழப்பிக்க வேண்டாம்.

தழும்பு வேற டிபார்ட்மென்ட்

புள்ளிக்கு அடிக்கிற லேசரும் தீக்காயத் தழும்புக்கு அடிக்கிற லேசரும் ஒன்று இல்லை. தடித்து, இறுகி, விரலை மடக்க விடாமல் பிடித்து இழுக்கிற தழும்புக்கு 'ஃப்ராக்ஷனல்' கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அது நிறத்தைத் தேடாது, தோலில் இருக்கிற தண்ணீரைத் தேடும். சல்லடை மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போட்டு, நடுவில் நல்ல தோலை விட்டு வைக்கும். தழும்பு கொஞ்சம் இளகும். பழைய தோல் அப்படியே திரும்பி வரும் என்று யாராவது கேரண்டி கொடுத்தால் நம்பாதீங்க.

நம்ம கலருக்கு எது செட் ஆகும்?

1975-ல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற டாக்டர், வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, கறுக்கிறது என்பதை வைத்துத் தோலை வகை பிரித்தார். முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் 4 வகை. நாம் அந்த லிஸ்ட்டிலேயே இல்லை! பிறகுதான் 5, 6 என்று மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடம் கொடுத்தார்கள். விருதுநகர் வெயிலில் வளர்ந்த நாமெல்லாம் பெரும்பாலும் 4-லிருந்து 6-க்குள் வருவோம்.

இதில் என்ன சிக்கல்? லேசர் மெலனினைத் தேடி வருகிறது. நமக்கோ தோல் முழுக்க மெலனின். புள்ளிக்கு வைத்த குறி மொத்தத் தோலுக்கும் பட்டுவிடும். 532 நானோமீட்டர் பச்சை ஒளியை மெலனின் மடக் மடக்கென்று குடிக்கும், அதனால் நமக்கு ரிஸ்க். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரை மெலனின் குறைவாகத்தான் குடிக்கும், ஒளியும் ஆழமாக இறங்கும். அதனால் கறுப்புத் தோலுக்கு இதுதான் முதல் சாய்ஸ். சக்தி கூடிப்போனால் கறுப்பை எடுக்கப் போய் இன்னும் கறுப்பாகும். பருவைக் கிள்ளினால் தழும்பு கறுப்பதும் இதே வழியில்தான். நம்ம தோலுக்குக் கோபம் வந்தால் கறுக்கும், அது அதோட சுபாவம்.

லேசர் உண்மையிலேயே ஜொலிக்கிற இடம் ஒன்று உண்டு. கண்ணைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் நீலச் சாம்பல் கலரில் படர்ந்திருக்கும், சிலருக்குக் கண்ணின் வெள்ளையில்கூட அந்தக் கலர் இருக்கும். 1939-ல் இதை விவரித்த ஜப்பான் டாக்டர் பேரில் 'நீவஸ் ஆஃப் ஓட்டா' என்பார்கள். முன்பெல்லாம் 'பிறவியிலேயே வந்தது, என்ன செய்ய'ன்னு விட்டுவிடுவார்கள். இப்போ பல சிட்டிங்கில் நன்றாகவே மங்குகிறது.

ஆனால் நம்ம அம்மாக்களுக்குக் கன்னத்தில் வருகிற மங்கு? அதற்கு லேசர் முதல் வைத்தியமே இல்லை. வெயிலைத் தடுக்கிற க்ரீம், டாக்டர் எழுதித் தருகிற மேல்பூச்சு, பொறுமை. லேசரில் மங்கினாலும் திரும்ப வருகிற பழக்கம் மங்குக்கு உண்டு. சிலருக்கு நடுநடுவே வெள்ளைப் பொட்டு விழுவதும் உண்டு. பருத் தழும்பின் கறுப்பு மாசக்கணக்கில் தானாகவே குறையும். கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுக்கிறதா? லேசர் க்ளினிக் போர்டைத் தாண்டி நடந்து போய் ரத்தத்தில் சர்க்கரை டெஸ்ட் பண்ணுங்க. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளமாக இருக்கலாம். எண்ணெய் பரோட்டா ஊர்க்காரங்க, கொஞ்சம் கவனிங்க பாஸ்!

ரூமுக்கு ஒரு ட்யூப்

எந்த ஹாஸ்டலிலும் கண்ணாடிக்குக் கீழே ஒரு ட்யூப் நசுங்கிக் கிடக்கும். ஒருத்தன் வாங்குவான், ஃப்ளோர் முழுக்கப் பூசும். மெடிக்கல் ஷாப்பில் 'முகம் வெள்ளையாக'ன்னு கேட்டால் எடுத்துக் கொடுக்கிற அந்த க்ரீம்கள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. முதல் ரெண்டு வாரம் சூப்பராக இருக்கும். அப்புறம் தோல் மெலியும், ரத்தக் குழாய் வெளியே தெரியும், பரு கொட்டும், நிறுத்தினால் முகம் பற்றி எரியும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. எங்க ஹாஸ்டல் கண்ணாடிக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை. இந்த ட்யூபைப் பூசியிருந்தால் லேசருக்கு முன்னால் டாக்டரிடம் அதையும் சொல்லியாக வேண்டும்.

1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி'யாகப் பேர் மாறியது. ஊர் மாறியதா என்பது மாப்பிள்ளை வீட்டாருக்கே வெளிச்சம். பிறந்த கலரை மாற்ற லேசர் இல்லை, அப்படி விற்றால் ஓடிடுங்க. நான் இங்கே பேசுவது, விபத்து நம் முகத்தில் எழுதிவிட்டுப் போனதை அழிப்பது பற்றி.

பச்சைன்னு ஏன் பேர்?

பாட்டி கையில் கோலம் மாதிரி குத்தியிருப்பார்களே, அதைக் கரியைக் குழைத்துத்தான் குத்தினார்கள். கரி கறுப்பு, அப்புறம் ஏன் அது 'பச்சை'? தோலுக்கு ஆழத்தில் கறுப்புப் பொருள் இருந்தால், மேலே உள்ள தோல் சிவப்பு ஒளியைக் கீழே இறங்க விட்டு, நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்பும். அதனால் கறுப்பு, நீலப்பச்சையாகத் தெரியும். பஸ்ஸில் பார்த்த அந்தப் புள்ளிகள் நீலமாக இருப்பதும் இதனால்தான். பேர் வந்த காரணத்தை மொழி ஆராய்ச்சிக்காரர்கள் தீர்ப்பு சொல்லட்டும், ஃபிசிக்ஸ் பக்கம் என் ஓட்டு.

லேசருக்கு அழிக்க ஈசியானது கறுப்பு மைதான். பச்சை, நீலத்துக்கு 694, 755 நானோமீட்டர் லேசர் வேண்டும். மஞ்சள் பிடிவாதக்காரன். வெள்ளை, தோல் கலர் மைகள் இன்னும் மோசம், லேசர் பட்டால் கறுப்பாக மாறிவிடும். 2012 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிக்கோ செகண்ட் லேசர்கள் இன்னும் பொடியாக நொறுக்குகின்றன. பில்லும் அதற்கேற்ற மாதிரி வரும். போர்டைப் பார்த்ததும் உள்ளே நுழைவதற்கு முன்னால், அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் ஒரு சீட்டுப் போட்டுக் காட்டிவிடுங்க. 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரிலேயே ஒன்று இருக்கு. பார்க்கிறவர் தோல் படிப்பு படித்த டாக்டராக இருக்கணும். கண்ணுக்குக் கவசம் போடாமல் மெஷினை ஆன் பண்ணினால் எழுந்து வந்துடணும். 1064 ஒளி கண்ணுக்கே தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும்.

கடைசியாக மிலிட்டரி கனவோடு கிரவுண்டைச் சுற்றுகிற நம்ம பசங்களுக்கு. ராணுவத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையின் உள்பக்கமும், உள்ளங்கைக்குப் பின்பக்கமும் இருக்கிற பச்சைக்குத்தான் அனுமதி. பழங்குடியினருக்கு விதிவிலக்கு உண்டு. நெஞ்சிலோ கழுத்திலோ அவள் பேரைக் குத்தியிருந்தால் மெடிக்கலில் மாட்டும். எட்டு சிட்டிங், நடுவில் எட்டெட்டு வாரம் என்று வைத்தால் மொத்தம் 56 வாரம், அதாவது ஒரு வருஷத்துக்கும் மேல். செலக்ஷன் அறிவிப்பு வந்த அப்புறம் லேசருக்கு ஓடினால், பாதி எழுத்து அழிந்து பாதி எழுத்து மிச்சம் இருக்கிற நெஞ்சோடுதான் டாக்டர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.